ஒரே மவுஸ், எரிகிற பட்டன் இரண்டு

"அண்ணா, ஒரு மவுஸ்தானே இருக்கு? அப்புறம் எப்படி ரெண்டு பட்டன் எரியுது?"

எங்கள் டெஸ்டர் அனுப்பிய படத்தில் 'சேமி'யும் 'அச்சிடு'வும் பக்கத்தில் பக்கத்தில் நீலமாக மின்னிக்கொண்டிருந்தன. கர்சர் இரண்டின் மேலும் இல்லை. கீழே கணக்குப் பட்டியலின் ஏதோ ஒரு வரிசையில், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல் நின்றது. நான் போட்ட முதல் டூல்பார் (ஐகான் பட்டன்கள் வரிசையாக நிற்கும் பட்டை) அது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதி, நானே பத்து முறை மவுஸை மேலே கொண்டுபோய்ப் பார்த்து, எரிகிறது, அணைகிறது, சரி என்று அனுப்பிவைத்திருந்தேன். நான் மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். அவர் சாதாரண மனிதர்கள் நகர்த்துவதுபோல் நகர்த்தியிருக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

விபி6 (விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் எழுதும் கருவி) காலத்துக் கதை இது. எங்களுடையது கணக்கு எழுதும் மென்பொருள். அதில் எல்லா பட்டனும் எப்போதும் புடைத்துக்கொண்டு, சாம்பல் நிறச் செங்கல் வரிசை மாதிரி இருக்கும். 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 3 வந்தபோது தட்டையான டூல்பாரும் வந்தது. பெட்டி இல்லை, ஓரம் இல்லை, வெறும் ஐகான். மவுஸ் மேலே போனால் மட்டும் பட்டன் எழுந்து நிற்கும். அடுத்து ஆஃபீஸ் 97-இலும் அதே. அதைப் பார்த்துப் பழகிய வாடிக்கையாளர்கள் நம்முடையது ஏன் இப்படிப் பழசாக இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

விபி6-உடனேயே தட்டையான டூல்பார் ஒன்று வரத்தான் செய்தது. அதை எடுத்துப் போட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை. ஆனால் எங்களுக்கு ஒவ்வொரு ஐகானின் மூலையிலும், நிலுவையில் எத்தனை பில் இருக்கிறது என்கிற சின்ன எண்ணைக் காட்ட வேண்டும். அதைச் சாக்காக வைத்து, நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வயசு அப்படி.

என் முதல் யோசனை எல்லோருக்கும் வருகிற யோசனைதான். ஒவ்வொரு பட்டனும் ஒரு படப்பெட்டி, அதாவது படம் காட்டும் தனிக் கட்டம். அதன் மவுஸ்மூவ் நிகழ்வு (மவுஸ் தன் மேல் அசைகிறது என்ற தகவல்) வந்தால் எரிய வை. பட்டன்களுக்கு அடியில் இருக்கும் ஃபாரத்தின், அதாவது விண்டோவின் வெற்றுப் பரப்பின், மவுஸ்மூவ் வந்தால் எல்லாவற்றையும் அணை. மவுஸ் பட்டனை விட்டு வெளியே வந்தால் ஃபாரத்தின் மேல்தானே வர வேண்டும்? இதை எழுதும்போது மனதில் இருந்த படம், ஒரு எறும்பு பட்டன் மேல் ஏறி, நடந்து, இறங்கிப் போவது. கர்சர் எறும்பு இல்லை. தவளை.

சாதாரண யூஎஸ்பி மவுஸ் நொடிக்கு 125 தடவை தான் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. அதாவது 8 மில்லி நொடிக்கு ஒரு முறை. கையை ஒரு வீசு வீசினால் கர்சர் நொடிக்கு 3000 பிக்சல் வேகத்தில் போவது பெரிய விஷயமில்லை. கணக்குப் போட்டால், ஒரு தகவலுக்கும் அடுத்த தகவலுக்கும் நடுவே 24 பிக்சல். என் பட்டனின் அகலமும் 24 பிக்சல். பட்டன்களுக்கு நடுவே நான் விட்ட இடைவெளி 2 பிக்சல். அந்த 2 பிக்சலில் கர்சர் வந்து காலை வைத்துவிட்டுப் போகும் என்று நம்பித்தான் 'எல்லாவற்றையும் அணை' என்பதை அங்கே எழுதியிருந்தேன். இது போதாது என்று, விண்டோஸ் ஒவ்வொரு அசைவையும் வரிசையில் சேர்த்துவைப்பதும் இல்லை. நிரல் வேறு வேலையில் மூழ்கியிருந்தால் நடுவே நடந்த அசைவெல்லாம் ஒன்றாகிவிடும். கர்சர் கடைசியாக இருக்கும் இடம் மட்டும்தான் வரும்.

ஆக, 'சேமி'யிலிருந்து 'அச்சிடு'வுக்கு ஒரே தாவு. நடுவில் இருந்த ஃபாரத்துக்கு விஷயமே தெரியாது. அங்கிருந்து அடுத்த தாவு கணக்குப் பட்டியலுக்கு. பட்டியல் தனி கன்ட்ரோல் (விண்டோவுக்குள் தனியாக இயங்கும் பகுதி), தன் மேல் நடக்கும் மவுஸ் அசைவைத் தானே வாங்கிக்கொள்ளும், ஃபாரத்துக்குச் சொல்லாது. இரண்டு பட்டனும் எரிந்தபடி நிற்கும். டெஸ்டர் அனுப்பிய படம் இதுதான்.

அன்றைக்குப் புரிந்தது, அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு டூல்பாரிலும் மறுபடி மறுபடிப் புரிந்தது: எரிய வைப்பதில் வேலையே இல்லை. மவுஸ் வந்தால் தானே வந்து கதவைத் தட்டும். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொண்டு போகாது. அணைப்பதுதான் முழு வேலையும்.

அடுத்து, அந்தக் காலத்தில் விபி எழுதியவர்கள் கைமாற்றிக்கொண்ட ஒரு தந்திரம்: செட்கேப்சர். மவுஸ் பட்டன் மேல் வந்ததும், இனி எல்லா மவுஸ் தகவலும் எனக்கே வரட்டும் என்று பிடித்துவைத்துக்கொள்வது. வெளியே போனாலும் தகவல் நமக்கே வரும். எக்ஸ் (பட்டனின் இடது ஓரத்திலிருந்து கர்சரின் தூரம்) மைனஸாகவோ அகலத்தைவிட அதிகமாகவோ வந்தால் போய்விட்டது என்று அர்த்தம். அணை, பிடியை விடு. அழகாக வேலை செய்தது. இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன்.

"அண்ணா, இப்ப ஒண்ணுதான் எரியுது. ஆனா அணைய மாட்டேங்குது."

அவர் எங்கள் விண்டோவுக்கு மேல் வேறொரு நிரலின் விண்டோவைப் பாதி மறைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு, பட்டனிலிருந்து நேரே அதற்குத் தாவியிருக்கிறார். பிடித்துவைத்தால் எல்லாம் நமக்கே வரும் என்பது பாதி உண்மைதான். மவுஸின் பொத்தான் அழுத்தப்பட்டிருக்கும்வரை வரும். அழுத்தாமல் வேறொரு நிரலின் விண்டோ மேல் போனால் தகவல் அந்த நிரலுக்குத்தான். எழுத்து மாறாமல் ஆவணத்தில் இருக்கிற விஷயம். நான்தான் அந்தப் பத்தியைத் தாண்டிப் படித்திருந்தேன். பிடிப்பதிலும் இன்னொரு ஓட்டை: பட்டனைக் க்ளிக் செய்து விட்டதும் பிடி தானாக விட்டுப்போகும். அடுத்த அசைவு பட்டனுக்குள்ளேயே இருந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம். அந்த அடுத்த அசைவே வெளியே தாவுகிற தாவாக இருந்தால், போச்சு.

மூன்றாவது பதிப்பைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டைமர். 50 மில்லி நொடிக்கு ஒரு முறை கர்சர் எங்கே என்று கேட்பது. அதுவும் பட்டனுக்கு ஒரு டைமர். பன்னிரண்டு பட்டன், பன்னிரண்டு டைமர். அப்போதும் கர்சரின் எண்களை பட்டனின் எண்களோடு ஒப்பிட்டேனே தவிர, அந்த இடத்தில் மேலே தெரிவது என் விண்டோதானா என்று கேட்கவில்லை. ஆல்ட்-டேப் போட்டு வேறு நிரலுக்குப் போய் வேலை செய்தாலும், அடியில் மறைந்து கிடந்த என் டூல்பார் எரிந்து அணைந்து தனக்குத்தானே விளையாடிக்கொண்டிருந்தது. அந்தப் புள்ளியில் எந்த விண்டோ இருக்கிறது என்று விண்டோஃப்ரம்பாயின்ட்டைக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அதற்குள் எனக்கே அந்த நிரலின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கடைசியில் டூல்பாரை மட்டும் சி++-இல் தனி கன்ட்ரோலாக எழுதினேன். அதில்தான் ட்ராக்மவுஸ்ஈவென்ட் பழக்கமானது. விண்டோஸ் என்டி 4.0-இலும் விண்டோஸ் 98-இலும் வந்த ஃபங்ஷன் இது. விண்டோஸிடம் ஒரு சொல் வாங்கிக்கொள்வது மாதிரி: இந்த விண்டோவை விட்டு மவுஸ் போனதும் எனக்குச் சொல். போனதும் டபிள்யூஎம் மவுஸ்லீவ் என்ற மெசேஜ் வரும். எவ்வளவு வேகமாகப் போனாலும், எந்த நிரலின் மேல் போனாலும் வரும். ஒரே நிபந்தனை, ஒரு முறை கேட்டால் ஒரு முறைதான் சொல்லும். மவுஸ் திரும்பி வந்தால் மறுபடி கேட்க வேண்டும்.

இந்த நிபந்தனையிலும் நான் ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். 'கேட்டாச்சு' என்று ஒரு குறி வைத்திருந்தேன். மவுஸ் போனதும் அதை அழிக்க மறந்துவிட்டேன். முதல் தடவை அருமையாக அணைந்தது. இரண்டாம் தடவையிலிருந்து அணையவே இல்லை. டெஸ்டருக்கு அனுப்புவதற்கு முன் நானே கண்டுபிடித்த ஒரே பக் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் இரண்டு பட்டன் எரிவதை நிறுத்தியது இந்த ஃபங்ஷன் இல்லை. அதை நிறுத்தியது ஒரு எண். அதுவரை ஒவ்வொரு பட்டனிடமும் 'எரிகிறேனா' என்று ஒரு ஆம்-இல்லை வைத்திருந்தேன். பன்னிரண்டு ஆம்-இல்லை இருந்தால், அதில் இரண்டு ஆமாக ஆவதற்கு என்ன தடை? புதிய கன்ட்ரோலில் பட்டன்கள் தனி விண்டோக்களே இல்லை. ஒரே விண்டோ, அதில் வரைந்த கட்டங்கள், எரிவது எது என்று சொல்ல ஒரே ஒரு எண். எதுவும் எரியவில்லை என்றால் -1. இரண்டு எரிய வேண்டும் என்று நானே ஆசைப்பட்டாலும் முடியாது. உள்ளே இருப்பது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

மவுஸ் நகர்ந்தால்:
— இன்னும் கேட்கவில்லை என்றால், "போனதும் சொல்" என்று கேள்; கேட்டாச்சு = ஆம்
— புதியது = கர்சர் இருக்கும் இடத்தில் எந்த பட்டன்
— புதியதும் எரிவதும் ஒன்றே என்றால், பேசாமல் திரும்பு
— பழைய கட்டத்தையும் புதிய கட்டத்தையும் மட்டும் திரும்ப வரையச் சொல்
— எரிவது = புதியது

மவுஸ் போனால்:
— கேட்டாச்சு = இல்லை
— எரிந்த கட்டத்தை வரையச் சொல்; எரிவது = -1

'பேசாமல் திரும்பு' என்ற அந்த வரியை விட்டுவிட்டால், ஒரே பட்டனுக்குள் மவுஸ் அசையும் ஒவ்வொரு தடவையும் திரும்ப வரைவோம். டூல்பார் பழைய ட்யூப்லைட் மாதிரி துடிக்கும். அதை வைத்த பிறகும் கொஞ்சம் துடித்தது. காரணம், வரைவதற்கு முன்னால் பின்னணியை விண்டோஸ் ஒரு தடவை துடைக்கிறது. அந்தக் கண நேர வெறுமை கண்ணில் படுகிறது. துடைக்க வந்த மெசேஜுக்கு 'நானே துடைத்துவிட்டேன்' என்று பொய் சொல்லி, முழுக் கட்டத்தையும் நினைவகத்தில் ஒரு படமாக வரைந்து, கடைசியில் ஒரே மூச்சில் திரைக்கு நகர்த்தினேன். துடிப்பு நின்றது.

அழுத்துவது தனி அத்தியாயம். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே மவுஸை வெளியே இழுத்துப் பாருங்கள். நல்ல டூல்பாரில் அமுங்கிய பட்டன் எழுந்துவிடும். திரும்ப உள்ளே கொண்டுவந்தால் மறுபடி அமுங்கும். வெளியே விட்டால் எதுவும் நடக்காது. தவறி அழுத்தியவர் தப்பிக்கும் வழி அது. இந்த இடத்தில்தான் செட்கேப்சர் உண்மையிலேயே வேண்டும். அது பிறந்ததே இதற்காகத்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 'அழி'யை அழுத்திப் பிடித்தபடி 'சேமி' மேல் கொண்டுபோனால் 'சேமி' எரியக் கூடாது. அழுத்தம் 'அழி'க்குச் சொந்தம். விட்டாலும் 'சேமி' நடக்கப்போவதில்லை. நடக்காத ஒன்றை எதற்குக் காட்ட வேண்டும்?

2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, டூல்பார் பட்டனுக்கு அதன் தீம் (திரையின் தோற்ற அமைப்பு) வைத்திருந்த நிலைகள் ஆறு: சாதாரணம், எரிவது, அமுங்கியது, முடக்கியது, தேர்ந்தது, தேர்ந்து எரிவது. என்னிடம் இருந்தவை நான்கு. விட்டுப்போன இரண்டில் ஒன்றுதான் அந்த ஆறாவது. தடித்த எழுத்து பட்டன் ஏற்கெனவே அமுங்கி இருக்கும்போது மவுஸ் மேலே வந்தால் என்ன காட்டுவது என்று நான் யோசித்ததே இல்லை.

மவுஸ் அசையாமலே நிலை மாறுகிற சமயங்களும் உண்டு. ஒரு பட்டன் மறைந்து மற்றவை இடப்பக்கம் நகர்ந்தால், கர்சருக்கு அடியில் இப்போது வேறு பட்டன். எல்லாம் ஒரே விண்டோவுக்குள் நாமே வரைந்த கட்டங்கள் என்பதால், அடியில் ஆள் மாறிய விஷயம் விண்டோஸுக்குத் தெரியாது. வரிசையை மாற்றியதும் கர்சர் எங்கே என்று நாமே கேட்டு, எரிவதைத் திரும்பக் கணக்கிட வேண்டும். இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. விண்டோக்கள் திறந்து மூடும்போது, மவுஸ் ஒரு பிக்சல்கூட அசையாமலே மவுஸ்மூவ் மெசேஜ் வரும். அம்புக்குறி விசையால் ஒருவர் டூல்பாரில் நகர்ந்துகொண்டிருக்கும்போது இந்தப் பொய் அசைவு வந்தால், எரியும் இடம் சட்டென்று மவுஸ் இருக்கும் பட்டனுக்கு ஓடிவிடும். போன முறை வந்த இடத்தை எழுதிவைத்துக்கொண்டு, அதே இடம் என்றால் கண்டுகொள்ளாமல் விட வேண்டும்.

ஹோவர் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் பேச்சில் மவுஸ் மேலே வந்தாலே ஹோவர் என்கிறோம். விண்டோஸின் அகராதியில் ஹோவர் என்றால், வந்து கொஞ்ச நேரம் நிற்பது: வழக்கமான அமைப்பில் 4-க்கு 4 பிக்சல் பெட்டிக்குள் 400 மில்லி நொடி. மைக்ரோசாஃப்டின் பிற்காலக் கருவியான டாட்நெட்டில் மவுஸ்என்டர் (மவுஸ் உள்ளே வந்தது), மவுஸ்ஹோவர் என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பெயரைப் பார்த்துவிட்டு நிறம் மாற்றுவதை மவுஸ்ஹோவரில் எழுதியவர்களின் நிரலை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். 'கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு' என்று புகார் வரும். கம்ப்யூட்டர் ஸ்லோ இல்லை. அது சொன்னபடி 400 மில்லி நொடி காத்திருக்கிறது.

காத்திருக்க வேண்டியது டூல்டிப், அதாவது பட்டன் எதற்கு என்று மவுஸ் பக்கத்தில் தோன்றும் சின்னக் குறிப்பு. அதன் நேரக் கணக்கை யார் யோசித்தார்களோ, எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை. வழக்கமான அமைப்பில் முதல் டூல்டிப் வர 500 மில்லி நொடி. இரட்டைக் க்ளிக்கின் நேரம்தான் அதற்கு அளவு. ஒரு டூல்டிப் தெரியும்போதே அடுத்த பட்டனுக்கு நகர்ந்தால் அடுத்தது வர அதில் ஐந்தில் ஒரு பங்கு, 100 மில்லி நொடி. தேவையில்லாதவரை டூல்டிப் தொந்தரவு செய்யாது. ஆனால் ஒருவர் நின்று ஒன்றைப் படித்துவிட்டால், சரி, இவர் எதையோ தேடுகிறார் என்று புரிந்துகொண்டு அடுத்தடுத்ததைச் சட்டென்று காட்டும். கடைக்காரர் ஒருவர் நம் முகத்தைப் பார்த்தே அடுத்த பொருளை எடுத்து நீட்டுவது மாதிரி. முடக்கிய பட்டனுக்கும் டூல்டிப் காட்டுங்கள் என்பது என் ஒரு பிடிவாதம். மங்கலாக இருக்கும் பட்டனிடம்தான் 'ஏன்' என்று கேட்கத் தோன்றும். பல கருவிகளில் முடக்கிய பட்டனுக்கு மவுஸ் தகவலே போகாது. சுற்றி வளைத்துத்தான் செய்ய வேண்டும்.

இன்றைக்கு எழுதுகிறவர்களுக்கு இதில் பாதி இலவசம். திரை வடிவமைக்கும் கருவிகளில் எல்லாம் தயாராக இருக்கிறது. க்யூட்டில் டூல்பட்டனுக்கு ஆட்டோரெய்ஸ் (மவுஸ் வந்தால் தானே எழுவது) போட்டால் போதும். ஜாவா ஸ்விங்கில் ரோல்ஓவர் ஐகான் (மவுஸ் மேலே இருக்கும்போது காட்டும் படம்) என்று தனியாகவே வைத்துக்கொடுத்திருக்கிறார்கள். டிகே-யில் என்டர் (வந்தது), லீவ் (போனது) இரண்டும் முதலிலிருந்தே உண்டு. தேவையில்லாமல் நீங்களே எழுதாதீர்கள் என்று என் குழுவில் சொல்வேன். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள், நானே கேட்கவில்லையே.

இலவசமாகக் கிடைக்காதது ரசனை. எரிவது உடனே எரிய வேண்டும். மெல்ல மெல்லத் தோன்றுகிற அனிமேஷன் வந்தால் பட்டன் தூங்கி எழுந்து வருவதுபோல் இருக்கும். அணைவது மெல்ல மங்கினால் பரவாயில்லை, போனவர் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. டச் ஸ்கிரீனில் விரலுக்கு மேலே வருவது, நிற்பது என்று எதுவும் கிடையாது, தொட்டால் தொட்டதுதான். மவுஸ் வந்தால் மட்டும் ஓரம் காட்டும் தட்டை பட்டன் அங்கே கடைசிவரை பட்டன் மாதிரியே தெரியாது. அதனால் இப்போதெல்லாம் எல்லா பட்டனுக்கும் மெல்லிய ஓரம் ஒன்றை எப்போதும் விட்டுவைக்கிறேன். ஆக, பாதி தூரம் பழைய செங்கல் வரிசைக்கே திரும்பி வந்தாயிற்று.

அந்த சி++ டூல்பார் வெளியாவதற்கு முந்தின வாரம் டெஸ்டரிடமிருந்து கடைசியாக ஒரு படம். கர்சர் 'அச்சிடு' மேல் இருக்கிறது. எதுவும் எரியவில்லை.

"அது பக் இல்லைம்மா. அந்த நேரம் நம்ம விண்டோ முன்னால இல்ல. முன்னால வேற நிரல் இருக்கும்போது நம்மளோடது எரியக் கூடாதுன்னு நான்தான் எழுதி வெச்சிருக்கேன்" என்றேன். டைமர் காலத்தில் அடிபட்ட அனுபவம், அதனால் கொஞ்சம் உறுதியாகவே சொன்னேன்.

"சரிண்ணா. ஆனா அப்படியே அதை க்ளிக் பண்ணினா பிரிண்ட் ஆகுதே?"

ஆகும். விண்டோஸில் பின்னால் இருக்கும் விண்டோவின் பட்டனை அழுத்தினால், விண்டோ முன்னால் வரும், அதே க்ளிக்கில் பட்டனும் வேலை செய்யும். க்ளிக் செய்தால் நடக்கும், ஆனால் நடக்கும் என்று காட்ட மாட்டேன் என்று நான் எழுதிவைத்திருந்தேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு அவருக்குப் புதிய கோப்பை அனுப்பினேன்.